வென்ற நாளில் விடைபெற்ற அணி

டோக்கியோவின் செந்தகாயா ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் தேசிய மைதானம். கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்து 2019 இறுதியில் திறக்கப்பட்டது. சுற்றிலும் அடுக்கடுக்காக மர இறவாரங்கள். ஜப்பானின் 47 மாநிலங்களிலிருந்தும் மரம் வந்ததாம். பயணிகள் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தேடி வந்ததோ இங்கே இல்லாத ஒன்றை. 1964 ஒலிம்பிக் நடந்த பழைய மைதானம் இதே இடத்தில்தான் இருந்தது. 2015-ல் இடித்துவிட்டார்கள். அங்கேதான் 1999 ஜனவரி 1 அன்று ஒரு கால்பந்து அணி கோப்பையை வென்றது. அதுவே அதன் கடைசி ஆட்டம்.

ஜப்பானில் புத்தாண்டு என்றால் காலையில் கோயில், பிற்பகலில் கால்பந்து என்று ஒரு காலம் இருந்தது. 1921-ல் தொடங்கிய பேரரசர் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டம் பல பத்தாண்டுகள் ஜனவரி முதல் நாளில்தான் நடந்தது. அண்மை ஆண்டுகளில்தான் தேதி மாறியது. தொழில்முறை அணிகளோடு கல்லூரி அணிகளும் மோதும் போட்டி. விதி ஒன்றுதான்: தோற்றவர் வெளியே.

யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் அணிக்கு அந்த விதி வேறு அர்த்தம் பெற்றது. ஜெர்மன் மொழியில் ஃப்ளூகல் என்றால் சிறகு. விமான நிறுவனம் ஒன்று நடத்திய அணிக்குப் பொருத்தமான பெயர்தான். 1993-ல் ஜே லீக் தொடங்கியபோது, அணிகள் கம்பெனிகளின் பெயரை விட்டு ஊரின் பெயரைத் தாங்க வேண்டும் என்றார்கள். பெயர் மாறியது, பணம் மட்டும் கம்பெனிகளிடமிருந்தே வந்தது. 1998-ல் பொருளாதார மந்தம் இறுக்க, செலவில் பங்கேற்ற கட்டுமான நிறுவனம் விலகியது. அக்டோபரில் அறிவிப்பு வந்தது: அதே ஊரின் பரம எதிரியான மரினோஸ் அணியோடு ஃப்ளூகல்ஸ் இணைக்கப்படும். ஆட்டக்காரர்களையோ ரசிகர்களையோ கேட்டு எடுத்த முடிவல்ல. ரசிகர்கள் தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். பலனில்லை.

மிச்சமிருந்தது பேரரசர் கோப்பை. தோற்கும் நாளே அணியின் கடைசி நாள். எனவே அவர்கள் தோற்க மறுத்தார்கள். காலிறுதியில் ஜூபிலோ இவாதா, அரையிறுதியில் அந்த ஆண்டு லீக் சாம்பியன் கஷிமா ஆன்ட்லர்ஸ் என்று பலம் வாய்ந்தவர்கள் வீழ்ந்தார்கள். இறுதி ஆட்டத்தில் ஷிமிசு எஸ்-பல்ஸ் முதல் கோலைப் போட்டது. இடைவேளைக்குச் சற்று முன் ஃப்ளூகல்ஸ் சமன் செய்தது. பிற்பாதியில் தகாயுகி யோஷிதா அடித்த கோல் வெற்றி கோல். 2-1. இனி யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் ஆடுவதற்கு ஆட்டமும் இல்லை.

அடுத்த மாதம் லீக் சாம்பியனும் கோப்பை வென்றவரும் மோதும் ஆட்டம் வந்தது. கோப்பை வென்ற அணி உலகத்திலேயே இல்லை. தோற்ற ஷிமிசுவை அழைத்து ஆடவைத்தார்கள்.

அந்த ஆண்டு ஃப்ளூகல்ஸில் சேர்ந்த 18 வயது யசுஹிதோ எண்டோ பின்னாளில் ஜப்பானுக்காக 152 ஆட்டங்கள் ஆடி சாதனை படைத்தார். மரினோஸ் தன் பெயருக்கு முன் ‘எஃப்’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டது. ஒரு முழு அணிக்கு ஓர் எழுத்து இழப்பீடு.

ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. தாங்களே பணம் திரட்டி யோகோஹாமா எஃப்சி என்ற புது அணியை உருவாக்கினார்கள். 1999-ல் கீழ்நிலை லீக்கில் தொடங்கி, 2007-ல் முதல் டிவிஷனை எட்டியது அது. அந்த மார்ச்சில் மரினோஸை 1-0 என வென்றது.

மைதானத்தை ஒருமுறை சுற்றிவிட்டு யோகோஹாமாவுக்கு ரயில் ஏறினேன். ஊருக்குள் மேட்டில் இருக்கிறது மித்சுசவா மைதானம். ஃப்ளூகல்ஸ் ஆடியதும் இங்கேதான், ரசிகர்களின் அணி வளர்ந்ததும் இங்கேதான். டோக்கியோவின் மர இறவாரங்களுக்கு முன் இது சாதாரணமானதுதான். ஆனால், ஓர் அணி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.