விரால் தங்க ஒரு மடு வேண்டும்

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோயில் ஆற்றில் மழைக்குப் பின் நின்று பார்த்தால், தெளிந்த நீரில் பொடிமீன்கள் கூட்டமாக ஓடும். கீழே இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்தால் காட்சி வேறு. கண்மாய்கள் பலவற்றில் ஆகாயத்தாமரை, சீமைக்கருவேலம். வலையில் ஏறுவது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை.

ஆப்பிரிக்காவின் இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால், கெட்ட நீரிலும் பெருகிவிடும். (ருசியில் விராலுக்கு அது ஈடாகுமா என்பது வேறு கதை.) விரால் கரையோரச் செடிகளுக்கு நடுவே முட்டையிடும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைப் பெற்ற மீன்களே காவல் காக்கும். அப்போது தாயைத் தூண்டிலில் பிடித்தால் குஞ்சு அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை.

இதைவிடப் பெரிய கேடு, மீன்பாசி குத்தகை முடியும் கோடையில் மோட்டார் வைத்து அடிமடு வரை இறைப்பது. விராலும் குறவையும் மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை. குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்தக் கொஞ்ச நீராவது வேண்டுமே! வண்டல் அள்ளும்போது, கரையை விட்டுத் தள்ளி ஓரிடத்தை ஆழமாக்கி, அங்கே வலை வீசுவதில்லை என்று ஏலத்துக்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சை மட்டும் யாரும் வாங்கி விடக்கூடாது. அதை வளர்க்க அரசுத் தடை உள்ளது. பண்ணைக்குட்டையில் விட்டாலும் ஒரு பெருமழையில் கண்மாய்க்குப் போய்விடும்.