ஒரு மேசை, நான்கு தீர்ப்பு

வலியசாலையில் மாலை வேளைகளில் கூடும் நண்பர்களிடையே அடிக்கடி வழக்குக்கு வரும் பொருள் ஒன்று உண்டு. அது அரசியலன்று, சமயமுமன்று. இந்நகரத்தில் பேர்பெற்ற ஒரு சைவ உணவுவிடுதியே அது. அதன் பெயரை நாம் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் எழுதவில்லை என்பது கட்டுரையின் முடிவில் வாசக அன்பர்களுக்குத் தானே விளங்கும்.

"அங்கே கிடைக்கும் நெய்த்தோசைக்கு ஈடு இந்த ஊரிலேயே கிடையாது" என்பார் ஒருவர். "நான் போன அன்று தோசையைப் பிய்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் சாம்பாரை வானளாவப் புகழ்வார். நான்காமவர் அதே சாம்பாரில் பருப்பைத் தேடிக் களைத்த கதையைச் சொல்வார். நால்வரும் பொய் சொல்லும் இயல்புடையவர்களல்லர். ஆயினும் அவர்கள் பேசுவதைக் கேட்டால் நான்கு ஊர்களில், நான்கு விடுதிகளில் உண்டவர்கள் போலத் தோன்றும்.

இதற்குக் காரணம் என்ன என்று நாம் பலமுறை சிந்தித்ததுண்டு. சமையலறையின் நிலை நாள் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. காலையில் தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்கும். இடைவிடாமல் மாவு விழுந்துகொண்டே இருந்தால் கல்லின் சூடு இறங்கித் தோசை துவண்டுபோகும். மழைக்காலத்தில் மாவு சோம்பலாகப் புளிக்கும். மீன மாதத்து வெயிலில் பாத்திரத்தை விட்டுப் பொங்கி வழியும். சாம்பார் அடுப்பில் இருக்க இருக்க வற்றும். வற்றியதற்கு வெந்நீர் வார்த்தால் உப்பும் புளியும் இடம் மாறும். முதல் டிகாக்ஷனில் காப்பி குடித்தவருக்கும் இரண்டாம் டிகாக்ஷனில் குடித்தவருக்கும் ஒரே அபிப்பிராயம் எப்படி இருக்கக்கூடும்?

பிறந்த ஊரின் ருசியும் இதில் சேர்ந்துகொள்ளும். நம்மவர் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சைப் பக்கமிருந்தும் இங்கே வந்து வேரூன்றியவர்கள். வெள்ளைச் சோற்றுக்குப் பழகிய கண்ணுக்குச் சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு முதலில் அச்சம் தரும். பொரியலில் தேங்காயெண்ணெய் மணந்தால் சிலர் இலையையே ஒதுக்குவர். ஆனால் நம் ஊர்ப் போளியைப் பாயசத்தோடு பிசைந்து உண்ணும் இந்நகரத்து வழக்கத்தை மட்டும் எவரும் குறை சொல்லி நாம் கேட்டதில்லை.

தம்பானூரில் நிலையத்துக்கு அருகிலிருக்கும் இந்தியன் காப்பி ஹவுஸை நேயர்கள் அறிவார்கள். லாரி பேக்கர் வடிவமைத்த, செங்கல்லால் வட்டமாக மேலேறிச் செல்லும் கட்டடம் அது. அங்கே மசாலா தோசைக்குள் பீட்ரூட் சேர்ந்து சிவந்திருப்பதைக் கண்டு முகம் சுளிப்பவரும் உண்டு; அதற்காகவே தேடிச் செல்பவரும் உண்டு. காப்பி வாரியம் தன் காப்பி விடுதிகளை மூடியபோது, வேலையிழந்த சிப்பந்திகள் ஏ. கே. கோபாலன் தந்த ஊக்கத்தால் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு, தாங்களே விடுதிகளை நடத்தத் தொடங்கினார்கள். கேரளத்தில் முதலாவது விடுதி 1958இல் திருச்சூரில் திறக்கப்பட்டது. விசிறிபோல் விரிந்த தலைப்பாகையோடு அங்கே நமக்குக் காப்பி கொண்டுவருபவர் அந்தத் தொழிலாளர் கூட்டுறவைச் சேர்ந்தவர். மற்ற விடுதிகளில் பரிமாறுபவரின் நிலை அப்படியன்று. இந்த வேறுபாட்டை நாம் பிற்பாடுதான் உணர்ந்தோம். அதை உணர்த்திய நிகழ்ச்சியையே இனிச் சொல்லப் போகிறோம்.

சென்ற ஆண்டு ஆவணியில், ஓணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. நம் மாமனார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். அவருக்கு நீரிழிவு நோய் உண்டு. உணவுக்குச் சற்று முன்னர் மாத்திரை உட்கொள்வது வழக்கம். ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நமக்கு ஞாயிறு ஓய்வு கிடைப்பது அபூர்வம். கிடைத்த அந்த ஒரு நாளில் மாமனாரையும் மனைவியையும் ஏழு வயது மகளையும் பேர்பெற்ற விடுதிக்கு அழைத்துச் செல்வது என்று நாமே முடிவு செய்தோம். இல்லத்திலேயே ரசம் வைக்கலாம் என்று மனைவி சொன்னதை நாம் கேட்கவில்லை.

விடுதியில் கூட்டம் நெருக்கியடித்தது. நெடுநேரம் நின்ற பிறகே மேசை கிடைத்தது. இடம் கிடைத்ததும் மாமனார் மாத்திரையை விழுங்கிவிட்டார். குடிக்க வைத்த வெந்நீர் இளஞ்சிவப்பாக இருப்பதைக் கண்டு, "என்ன மாப்பிள்ளை, குழாயில் துருவா?" என்று மெல்லக் கேட்டார். "துரு இல்லை மாமா. பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர், இந்த ஊர் வழக்கம்" என்றோம். அவர் நம்பியும் நம்பாமலும் ஒரு வாய் குடித்தார்.

நமக்குப் பரிமாற வந்தவன் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். அஸ்ஸாம் பக்கத்தவன் என்று பிறகு அறிந்தோம். மலையாளத்தில் நாலைந்து சொல்லும் தமிழில் இரண்டொரு சொல்லுமே அவனுக்குத் தெரியும். மூன்று சாப்பாடும் மகளுக்கு ஒரு நெய்த்தோசையும் கேட்டோம். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடமும் ஆயிற்று. நமக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இலை விழுந்தது, நமக்கு விழவில்லை. இருபத்தைந்தாவது நிமிடத்தில் அவன் ஒரு தட்டுப் பூரியைக் கொண்டுவந்து மாமனார் முன்னால் வைத்தான்.

"பூரி யார் கேட்டது?" என்றோம். அவன் ஏதோ சொன்னான்; நமக்கு விளங்கவில்லை. கையை நீட்டி மாமனாரைக் காட்டினான். பெரியவரை விரல் நீட்டிக் காட்டுகிறானே என்று நமக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து நேரே கல்லாவுக்குப் போனோம். அங்கே நாம் பேசியவற்றுள் ஒரு வாக்கியத்தை மட்டும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். "மொழி தெரியாத ஆட்களை வைத்துக்கொண்டு எதற்கு ஓட்டல் நடத்துகிறீர்கள்?" என்று, சுற்றியிருந்தோர் அனைவரும் திரும்பிப் பார்க்கும்படி, உரக்கக் கேட்டோம். கல்லாவில் இருந்தவர் மன்னிப்புக் கேட்டார். உடனே பையனைக் கூப்பிட்டு நம் கண்ணெதிரிலேயே கடிந்து, உள்ளே போகச் சொன்னார். நாம் வெற்றியோடு மேசைக்குத் திரும்பினோம். இலைகள் வந்திருந்தன. சாப்பிட்டோம். மனைவி மட்டும் ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை வீட்டில் அந்த உணவைப் பற்றிய விசாரணை நடந்தது. மகளின் தீர்ப்பு, போளியும் பாயசமும் இன்னும் ஒரு முறை வேண்டும் என்பது. மனைவியின் தீர்ப்பு, ரசம் நன்று, பொரியல் சுமார் என்பது. நம் தீர்ப்பு, இனி அந்தப் படியை மிதிப்பதில்லை என்பது. கடைசியாக மாமனார் சொன்னார்:

"சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மாப்பிள்ளை. ஆனால் அந்தப் பையன் நல்ல பையன். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்ததை உங்கள் எல்லாருக்கும் முன்னால் அவன் பார்த்துவிட்டான். சாப்பாடு வர நேரமாகும் என்று தெரிந்துதான், கைக்குக் கிடைத்த பூரியைக் கொண்டுவந்தான். நீங்கள் கல்லாவில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். அதைக் குடித்த பிறகுதான் எனக்கு வியர்வை அடங்கிற்று. அதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்."

நாம் மனைவியின் முகத்தைப் பார்த்தோம். அவள் தலையசைத்தாள். நாம் உண்ட நேரமெல்லாம் அவள் மௌனமாக இருந்ததன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. மாத்திரை உட்கொண்டபின் உணவு தாமதித்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரக்கூடும்; அப்போது உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் நமக்கும் சொல்லியிருந்தார். நோயாளியின் பக்கத்தில் இருந்த நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மொழி தெரியாதவன் அவர் கையைப் பார்த்தான்.

இதுவரை "அவன்" என்றே எழுதிவிட்டோம். இனி "அவர்" என்று எழுதுவதே முறை.

இரண்டு வாரம் கழித்து, நேரில் கண்டு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தனியே அந்த விடுதிக்குச் சென்றோம். அவரைக் காணவில்லை. மற்றொரு சர்வரிடம் விசாரித்தோம். அன்றே அவரை மேசையிலிருந்து நீக்கிப் பாத்திரம் கழுவ அனுப்பினார்கள். மூன்று நாள் கழுவினார். பிறகு சொல்லாமல் போய்விட்டார். எங்கே என்று தெரியாது என்றார் அவர். வாங்கிய காப்பியை நம்மால் குடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நம் பாட்டனார் நினைவு வந்தது. அவர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகரம் வந்து, ராஜா கேசவதாஸ் காலத்தில் தோன்றிய சாலைக் கடைவீதியில் ஒரு மண்டியில் கணக்கெழுதினார். வந்த புதிதில் மலையாளம் அறியாமல் ஒரு சரக்கை ஒன்றாக எழுதி, நாலு பேர் நடுவில் ஏச்சு வாங்கியதை வயதான காலத்திலும் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார். "மொழி தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று அன்று அவரைக் கேட்டார்களாம். அதே கேள்வியை அவருடைய பேரன் கல்லாவின் முன்னால் நின்று மற்றொருவரைக் கேட்டிருக்கிறான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு சிறு நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் சன்னலில் நாம் இருந்தபோது, இடி மின்னலில் கணிப்பொறி இணைப்பு அறுந்துபோயிற்று. வரிசையில் நின்ற பயணி ஒருவர், நாம் வேண்டுமென்றே காக்க வைத்ததாகப் புகார் எழுதிவிட்டார். விளக்கம் கேட்டு நமக்குக் கடிதம் வந்தது. நாம் பதில் எழுதினோம். இணைப்பு அறுந்த நேரம் பதிவாகியிருந்தது. விஷயம் அத்துடன் முடிந்தது. அந்தப் பயணியை நாம் எத்தனை நாள் மனத்துக்குள் வைதோம்! நமக்காவது விளக்கம் சொல்ல ஒரு தாள் கிடைத்தது. அந்த இளைஞரிடம் எவரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல மொழியில்லை.

இப்படிச் சொல்வதால் உண்பவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பணம் கொடுத்து உண்பவருக்கு உரிமை உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சமையலறையின் தூய்மைக்கு விடுதியை நடத்துபவரைப் பொறுப்பாக்கியிருக்கிறது. உரிமத்தின் பதினான்கு இலக்க எண் விடுதியில் காணும்படி இருக்க வேண்டும். 2022 முதல் ரசீதிலும் அச்சிடப்பட வேண்டும். சேவைக் கட்டணம் என்று தாமாகவே ஒரு தொகையைச் சேர்க்கலாகாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. கெட்ட உணவு பரிமாறினாலோ, கணக்கில் கூட்டிப் போட்டாலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் முறையிடலாம். இவையெல்லாம் விடுதியை நடத்துபவர் பதில் சொல்ல வேண்டிய குற்றங்கள். அவற்றுக்குரிய கோபத்தை, தட்டு ஏந்தி வருபவர்மேல் நாம் கொட்டிவிடுகிறோம். அவர்தாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

ஆகவே இப்போது நம் இல்லத்தில் சில வழக்கங்களை ஏற்படுத்தியிருக்கிறோம். நோயுள்ளவரை அழைத்துச் சென்றால், உட்கார்ந்தவுடன் அதைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிடுகிறோம். உணவு இலையில் விழும்வரை மாத்திரைக்கு அவசரப்படுவதில்லை. கையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருக்கும். குறை கண்டால் இன்ன பண்டத்தில் இன்ன குறை என்று தாழ்ந்த குரலில், பொறுப்புள்ளவரிடம் சொல்கிறோம். ஆளைச் சுட்டிச் சொல்வதில்லை. நிறை கண்டால் அதை மட்டும் கல்லாவில் நாலு பேர் கேட்கச் சொல்கிறோம். குறையை உரக்கவும் நிறையை வாய்க்குள்ளும் சொல்லிப் பழகிய நமக்கு இது முதலில் கூச்சமாகவே இருந்தது.

அந்த விடுதியின் பெயரை ஏன் எழுதவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். அன்றைய தவற்றில் பெரும்பங்கு நம்முடையது. பெயரெழுதிப் பழி சொல்லும் தகுதி நமக்கில்லை.

மாலைக் கூட்டத்தில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. தோசைக்கு ஒருவரும் சாம்பாருக்கு ஒருவருமாக இன்றும் வாதாடுகிறார்கள். நம் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், நாம் சொல்வது ஒன்றே: "அங்கே ஒரு சர்வர் இருந்தார். அவர் நல்லவர். இப்போது அங்கே இல்லை."