சாவா மூவாப் பேராடும் வங்கி வைப்பும்

பெற்றோர் நினைவாக அறக்கட்டளை வைப்பது தென்பாண்டி நாட்டு ஊர்களுக்குப் புதிய வழக்கமன்று. ஆயினும் கோயிலைச் சார்ந்து நின்ற பழைய கட்டளையையும், ஆலைத் தொழிலின் செல்வத்திலிருந்து பிறந்த புதிய அறநிதியையும் அடுத்தடுத்த ஊர்களில் காண விரும்புவோர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் போய்வந்தால் போதும். கட்டளை என்பது ஒரு குறிப்பிட்ட பூசைக்கோ திருவிழாவுக்கோ அன்னதானத்துக்கோ நிலத்தையும் பணத்தையும் ஒதுக்கி, அதன் வருவாயை வேறெதற்கும் எடுக்கலாகாது என்று விதித்துவைக்கும் ஏற்பாடாகும். அறநிதியும் அடிப்படையில் அதுவே; பூசை இருந்த இடத்தில் கல்விக் கட்டணமும் மருத்துவச் செலவும் வந்து அமர்ந்திருக்கின்றன.

ராஜபாளையத்தில் இதற்குப் பெரிய சான்று பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் பெயரைச் சுற்றி அமைந்திருக்கிறது. 1894-இல் பிறந்த அவர் 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் நூற்பாலையையும், 1939-இல் மருத்துவப் பஞ்சு தயாரிக்கும் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் நிறுவனத்தையும், 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தையும் தோற்றுவித்து, உழவையே நம்பியிருந்த ஊரை ஆலை ஊராக மாற்றியவர், 1962-இல் மறைந்தார். மறு ஆண்டே அவர் பெயரைத் தாங்கிய பாலிடெக்னிக் கல்லூரி அங்கே தொடங்கியது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் மூன்று ஆண்டுகள் பயின்று பட்டயம் பெறும் தொழிற்கல்விக் கூடம் அது. தந்தை மறைந்தபோது இருபத்தேழு வயதே ஆகியிருந்த பி.ஆர். ராமசுப்ரமணிய ராஜா 2017-இல் தாம் மறையும் வரை தொழில்களை நடத்தியதோடு, குடும்பத்தின் அறப்பணிகளையும் தொடர்ந்தார். 2013-இல் அக்குடும்பத்தின் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி அவ்வூரில் எழுந்தது.

இதில் பாராட்ட வேண்டியது நன்கொடையின் அளவன்று, பொருத்தம். ஓர் ஊரில் ஆலைகளை நிறுவியவருக்கு அவ்வாலைகளின் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த இளைஞரை உருவாக்கும் கூடத்தைவிடத் தக்க நினைவு அமைந்திருக்க முடியாது. சிலையோ மண்டபமோ அவருடைய முகத்தைக் காட்டியிருக்கும், இந்தக் கூடமோ அவர் செய்த வேலையையே தொடர்கிறது. தந்தையின் பெயரால் கொடுக்க நினைப்பவர்கள் அவர் எதைச் செய்துகொண்டிருந்தார், எது முடியாமல் நின்றது என்று கேட்டுக்கொண்டு தொடங்குவதே முறை. தஞ்சையில் குந்தவைப் பிராட்டி தன் தந்தையின் பெயரால் சுந்தர சோழ விண்ணகர ஆதுலசாலை என்னும் மருத்துவமனைக்கு நிலம் கொடுத்த செய்தி, இந்த எண்ணம் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதைக் காட்டுகிறது.

சோழர் கால ஏற்பாடுகளில் இன்றைய கொடையாளர் மிகக் கருத்தூன்றிப் படிக்க வேண்டியது ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் கூறும் முறையாகும். ஒரு நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு, எரிவதற்கு 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள்; அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு சாகும், குட்டி அதன் இடத்துக்கு வரும், கணக்கில் ஆடு எப்போதும் தொண்ணூற்றாறுதான். முதல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதால், மூப்பும் சாவும் அதற்கு இல்லை என்று துணிந்து எழுதினார்கள். வங்கியில் வைக்கும் பணத்துக்கு இந்தக் குணம் இல்லை. ஒரு லட்சம் ரூபாய் நூற்றுக்கு 7 வட்டியில் ஆண்டுக்கு 7,000 ரூபாய் தரும். அந்த 7,000 முதலாண்டில் ஒரு மாணவிக்குக் கட்டணமும் புத்தகமும் சீருடையும் வாங்கிக் கொடுக்கலாம், இருபது ஆண்டு கழித்துப் புத்தகத்துக்கே பற்றாமல் போகலாம். பழைய பள்ளிக்கூடங்களின் சுவரில் பதித்த சலவைக்கற்களில் ‘அன்னாரின் நினைவாக’ என்ற எழுத்துகளுக்குக் கீழே செதுக்கப்பட்டிருக்கும் தொகையைப் படிப்பவர் எவருக்கும் இது விளங்கும்: கொடுத்த நாளில் அது ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு, இன்று அதன் வட்டியில் ஒரு பேனா வாங்கலாம்.

சட்டமும் இதில் ஓரளவுக்கே துணை நிற்கிறது. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். எஞ்சிய 15 விழுக்காட்டை முதலோடு சேர்க்கலாம். மேற்கண்ட கணக்கில் அது 1,050 ரூபாய், அதாவது முதலில் நூற்றுக்கு ஒன்று. விலைவாசியோ அதைவிட வேகமாக ஏறுகிறது. ஆகவே முதல் இளைக்காமல் இருக்க வேண்டுமானால் பிள்ளைகள் ஆண்டுதோறும் அதன்மேல் ஏதேனும் வைத்துக்கொண்டே வர வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்று எழுந்துபோக இதில் வழியில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் நடைமுறை இதை நன்கு அறிந்ததாகவே தோன்றுகிறது. பெரியாழ்வார் நந்தவனம் வளர்த்து வடபத்ரசாயிக்கு மாலை கட்டியவர். அவர் மகளாக வளர்ந்த ஆண்டாள் அந்த மாலைத் தொண்டையே தன்னுடையதாக்கிக்கொண்டாள், அவள் சூடிய மாலை இன்றும் பிரம்மோற்சவத்தின்போது திருப்பதிக்குப் போகிறது. அவள் கையிலுள்ள கிளியும் அப்படித்தான். மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் அலகும் அமைத்து அதை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். நேற்றைய கிளி இன்றைக்கு ஆகாது.

கொடை கெடுவதற்கு மேற்பார்வை இன்மையும் ஒரு காரணம். ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த 1949 முதல் 1952 வரையிலான காலத்தில்தான், 1951-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் பிறந்தது. கோயில்களையும் கட்டளைகளையும் அதுவரை மேற்பார்த்துவந்த வாரியத்திடமிருந்து எடுத்து அரசுத் துறையின் கண்காணிப்பில் வைத்த அச்சட்டத்தின் இடத்தில் இப்போது 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த அவர், கொடையும் அதைக் காக்கும் விதியும் ஒன்றுக்கொன்று துணை என்பதை அறிந்தவராகவே இருந்திருப்பார்.

பெருந்தொழில் குடும்பங்களின் வழி எல்லோருக்கும் இயலாது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் பிள்ளைகள் ஒன்றிரண்டு லட்சத்தைத் தந்தையின் பெயரால் ஒதுக்க நினைத்தால், தனி அறக்கட்டளையைப் பதிவு செய்து, ஆண்டுதோறும் தணிக்கை, வரிக் கணக்கு, அவ்வப்போது பதிவுப் புதுப்பித்தல் என்று அலைவதைவிட, அவர் பாடம் நடத்திய பள்ளியை நடத்தும் அறக்கட்டளையிடமே அத்தொகையை நிரந்தர முதலாக ஒப்படைப்பது நல்லது. ஒப்படைக்கும் கடிதத்தில் இது முதல்நிதி, செலவுக்கு உரியதன்று என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். வட்டியில் 15 விழுக்காடு முதலோடு சேர வேண்டும் என்றும், பிள்ளைகள் ஆண்டுக்கு எவ்வளவு சேர்ப்பார்கள் என்றும் குறிப்பிட வேண்டும். ‘கணிதத்தில் முதல் மதிப்பெண் பெறுபவருக்கு’ என்று இறுக்கிக் கட்டாமல், அந்தப் பரிசுக்குத் தேவை ஒழிந்தால் பள்ளியின் வேறெந்த ஏழை மாணவருக்கு அது போகலாம் என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். இல்லையேல் பிற்காலத்தில் நோக்கத்தை மாற்ற நீதிமன்றத்துக்குப் போக நேரும்.