ஊமைத்துரைக்கு ஏன் படம் இல்லை?

பேட்மேனுக்கு ராபின் என்று ஒரு கூட்டாளி உண்டு. 1940-லேயே காமிக்ஸில் வந்துவிட்டான். ஆனால் 1989-ல் வந்த பேட்மேன் படத்தில் தேடிப் பாருங்கள், ராபின் ஆளே இல்லை! எழுதுகிறவருக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர்தான் வளர்வார். மற்றவர்கள் ஓரமாக நிற்பார்கள், இல்லாவிட்டால் காணாமலே போய்விடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம் நண்பர்களே. நம்ம கோவில்பட்டியில் பஸ் ஏறி இந்தப் பக்கம் போனால் கயத்தாறு, ஒட்டப்பிடாரம் பக்கம் போனால் பாஞ்சாலங்குறிச்சி.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் வந்தது 1959-ல். அதற்கு முன்னால் அது நாடகம். இரண்டுக்கும் வசனம் சக்தி கிருஷ்ணசாமி, இரண்டிலும் கட்டபொம்மன் சிவாஜி. அந்த வசனத்தில் பாதியை நம்ம ஊர் ஒண்ணாப்புப் பையன்கூட சொல்லுவான். படம் எப்படி முடியும்? 1799 அக்டோபர் 16, கயத்தாறு, தூக்கு. அவ்வளவுதான், எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் சண்டை அதோடு முடியவில்லையே! தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தார். 1801 பிப்ரவரியில் தப்பித்தார். வெள்ளைக்காரன் இடித்துப் போட்ட கோட்டையை சில நாட்களிலேயே மண்ணைக் குழைத்து மறுபடி எழுப்பினார்கள். மார்ச் கடைசியில் வந்த கம்பெனிப் படை அடி வாங்கித் திரும்பியது. கோட்டை விழுந்தது மே 24-ல்தான். கிட்டத்தட்ட இரண்டு மாதம்! அண்ணன் காலத்தில் சில நாட்களில் கைவிட்டுப் போன அதே கோட்டைதான் இது.

இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்றால், எதிரி எழுதி வைத்ததால். அந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830-ல் ஒரு புத்தகம் போட்டார். அவருக்கு ஊமைத்துரையை ரொம்பப் பிடித்துப்போயிருக்கிறது. ஊமைத்துரைக்குப் பேச்சு வராது, சைகைதான். இடது உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. அப்புறம் வாயால் 'உஸ்'ஸென்று சத்தம் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் எல்லாவற்றையும் தள்ளிவிடுவாராம். புறப்படு, அடி என்று அர்த்தம்!

கோட்டை விழுந்த நாளில் அவர் காயத்தோடு கிடந்தார். மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். குற்றுயிராய்க் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொன்னானாம். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் வருவதைப் பார்த்ததும் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். அம்மை போட்டுச் செத்த பையன் என்றார்கள். வந்தவர்கள் கிட்டவே வரவில்லை. இதைவிட ஒரு சினிமா சீன் வேண்டுமா?

எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. எனக்குத் திக்குவாய். ஆண்டுவிழாவில் மூன்று வருஷமாகக் கட்டபொம்மன் நாடகம், மூன்று வருஷமாக நான் வேல் பிடித்து நிற்கும் சிப்பாய். நன்றாகப் பேசுகிறவன்தான் ராஜா. வசனம் எழுதுகிறவருக்கு வசனம் பேசுகிறவனைத்தானே பிடிக்கும்? பேசாத வீரனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், பாவம்!

ஒருவரைத் தூக்கினால் இன்னொருவர் மிதிபடவும் செய்கிறார். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். திட்டுவதற்கு மிஞ்சியது எட்டப்பன் பெயர் மட்டும். (எட்டப்பனும் கம்பெனி பக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை.) எட்டயபுரத்திலிருந்து வருகிற நம்ம பையன்களைக் காலை பஸ்ஸில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாரதியார் பிறந்த ஊர் அது!

சிவாஜியை நான் குறை சொல்லவில்லை. கயத்தாறில் சிலை வைக்க இடம் வாங்கியதே அவர்தான். படம் பார்த்து நானும் அழுதிருக்கிறேன்.

ஊமைத்துரையை 1801 நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கில் போட்டார்கள். இந்த வருஷம் தமிழய்யாவிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். கட்டபொம்மன் நாடகம் முடிந்து திரை விழுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் வேண்டும். வசனம் வேண்டாம், கொஞ்சம் வைக்கோல் போதும். பார்க்கலாம் என்றிருக்கிறார்.

- பதினோராம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு