எலி வண்டியும் வில் வண்டியும்

உங்கள் வீட்டில் பதினெட்டு, பத்தொன்பது வயதில் பிள்ளை இருக்கிறானா? அப்படியானால் இதை அவசியம் படியுங்கள். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை, ஓட்டப்பிடாரத்துக்கு ஒரு நடை போய் வந்த மாதிரி இருக்கும்.

என் அக்காள் மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். திடீரென்று ஒரு நாள், பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய அம்பாஸிடர் கார் ஒன்றைக் கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்திவிட்டான். அதைப் பிரித்து 'ராட் ராட்' செய்யப் போகிறானாம். முதல் 'ராட்' எலி! அமெரிக்காவில் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டையும் மூடியையும் கழற்றி எறிந்து, வேகமாக ஓடும்படி செய்துகொள்வது வாலிபர்களுக்கு வெகு காலமாக உள்ள பித்து. அப்படிச் செய்த வண்டிகள் நாளடைவில் பளபளவென்று பணக்காரச் சரக்காகிவிட்டன. அது பிடிக்காதவர்கள் துருவும் தகரமுமாக, கிடைத்ததைக் கொண்டு கட்டியதுதான் இந்த எலி வண்டி.

"நீ ஊர் ஊராகச் சுற்றுகிறவனாயிற்றே. இவனையும் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்ப் புத்தி சொல்லேன்" என்று அக்காள் கண் கலங்கினாள். ஓட்டப்பிடாரத்தில் உறவினர் வீட்டுக் கோயில் கொடைக்கு அழைப்பு வந்திருந்தது. மாட்டு வண்டிப் பந்தயமும் உண்டு. பையனுடன் ரயில் ஏறினேன்.

கோவில்பட்டியில் இறங்கிக் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு, பசுவந்தனை வழியாகப் பஸ்ஸில் போனோம். இரு பக்கமும் கரிசல். அடுப்புக்கரியைப் பொடித்துக் கொட்டியது போன்ற மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் நனைந்தாலோ களியாகிவிடும். செருப்பானாலும் சக்கரமானாலும் பிடித்தால் விடாது.

மறுநாள் காலை பந்தயம். வண்டிகளைப் பார்த்ததுதான் தாமதம், "மாமா, இதுதான் ராட் ராட்!" என்று குதித்தான் பையன். அவன் சொன்னதில் தப்பில்லை. கூண்டு இல்லை, பக்கத் தட்டி இல்லை, மெத்தை இல்லை. இரண்டு சக்கரம், ஓர் அச்சு, ஏர்க்கால், நுகத்தடி. ஓடுவதற்கு வேண்டாத எதுவும் அதில் இல்லை!

பந்தயம் முடிந்ததும் ஓர் ஆசாரியின் பட்டறைக்குப் போனோம். அங்கே லாரியில் தேய்ந்த டயரும், காயலான் கடை அச்சுமாக ஒரு பார வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. பையன் எஞ்சினைப் பற்றியே பேசினான். ஆசாரி சிரித்தார்.

"இழுக்கிறதுக்கு மாடு இருக்கு, தம்பி. வண்டி செய்யிறவன் பார்க்க வேண்டியது பாரத்தை. முன்பாரம் ஆனா மாட்டுக் கழுத்து நோகும். பின்பாரம் ஆனா நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு குரல்வளையை நெரிக்கும். அச்சு எங்கே உட்காரணுமோ அங்கே உட்காரணும்" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு உறவினர் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய வில் வண்டியைக் கண்டோம். கோழி ஒன்று அதில் அடைகாத்துக்கொண்டிருந்தது. பையன் அடியில் குனிந்து பார்த்தான். எஃகுப் பட்டைகள், நீளமானது மேலே, வரவரச் சிறியவை கீழே என்று அடுக்கி, நடுவில் சேர்த்துக் கட்டியிருந்தது. "அம்பாஸிடருக்குப் பின்னாலேயும் இதே வில்தான், மாமா!" என்றான். பள்ளத்தில் சக்கரம் விழும்போது பட்டைகள் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. ஒன்றோடொன்று உரசுவதால் துள்ளலும் சீக்கிரம் அடங்குகிறது. சுருள் வில்லில் இந்த உரசல் கிடையாது. அதனால்தான் அதற்குத் துணையாக ஷாக் அப்ஸார்பர் வேண்டியிருக்கிறது.

வீட்டு ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் வயது. வெற்றிலையை மடித்தபடி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லச் சொன்னார்:

"தலைப்பிள்ளைக்கு வலி எடுத்தப்போ இது கிடையாது, தம்பி. கட்டை வண்டிதான். வைக்கோலைப் பரப்பிப் படுக்க வச்சாங்க. அடைமழை. சக்கரம் குடம் மட்டும் கரிசல்லே புதைஞ்சுது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் உசிரு போய் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளே பிள்ளை போயிருச்சு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"வில்லு இருந்திருந்தா பிழைச்சிருக்குமா, அது எனக்குத் தெரியாது. ஆனா அந்த வருசம் பருத்திப் பணம் வந்ததும் எங்க மாமனார் முதல்லே செஞ்சது இந்த வண்டிதான். அப்புறம் இந்த வீட்டுப் பொம்பளை யாரையும் கட்டை வண்டியிலே ஏத்தினதில்லை."

சகோதரிகளே, வில் வண்டி என்றால் மிராசுதாரரின் ஆடம்பரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அப்படி நினைப்பதில்லை.

இரவு திண்ணையில் உட்கார்ந்து, பையன் கரித்துண்டால் தரையில் படம் போட்டான். நானும் பாடம் கேட்டேன். மாட்டு வண்டியில் இரண்டு சக்கரமும் தனித்தனியே சுழல்கின்றன. திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் போகும். திருப்புவது மாட்டின் பொறுப்பு. நாலு சக்கர வண்டியில் முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு திரும்பினால் போதாது. உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் போவதால் அது கூடுதலாகத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் டயர் தரையில் இழுபடும். இந்த உபாயத்தைக் கையாண்டவர் ஜெர்மனியின் மூனிக் நகரத்தில் வண்டி செய்த லாங்கென்ஸ்பெர்கர். 1818-ல் லண்டனில் அதற்குப் பேடண்ட் எடுத்தவர் ஆக்கர்மன். மோட்டாருக்காக அல்ல, குதிரை வண்டிக்காக!

இதைவிட நுட்பம் ஒன்று உண்டு. வில் மேலும் கீழும் ஆடும்போது, ஸ்டீயரிங்குக் கம்பியும் அதற்கு இசைவாக ஆட வேண்டும். அளவு பிசகினால், நாம் நேராகப் பிடித்திருந்தாலும் பள்ளத்தில் சக்கரம் தானே திரும்பிவிடும். மாமியாரும் மருமகளும் மாதிரிதான்: இரண்டும் ஒத்துப்போனால் வீடு ஓடும், இல்லாவிட்டால் பள்ளந்தான்.

காலையில் வ.உ.சி. பிறந்த வீட்டைப் பார்த்தோம். இப்போது அது நினைவு இல்லம். 1872-ல் இந்தக் கரிசலில் பிறந்தவர், 1906-ல் பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்கு என்று திட்டமிட்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் விட்டார். நம் வாகனத்தை நாமே ஓட்ட வேண்டும் என்ற ஆசை இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆகவே பையனின் ஆசையை நான் கேலி செய்யத் தயாராயில்லை.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! கம்பெனி செய்த வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆகவே எலி வண்டியை ஊர் ரோட்டில் ஓட்ட முடியாது. அதற்காக ஆசையைப் புதைக்கவும் வேண்டாம். 2007 முதல் 'பாஹா' என்ற போட்டி நடக்கிறது. இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே இரும்புக் குழாயை வளைத்து வண்டி கட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிக் காட்ட வேண்டும். அது தொடங்கியபோது எல்லாக் குழுவுக்கும் ஒரே ரக எஞ்சின்! கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் வில்லிலும் திருப்பத்திலும்தான் காட்ட வேண்டியிருந்தது. ஆசாரி சொன்னதும் இதைத்தானே?

விடைபெறும்போது ஆச்சி பையனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதோ எலி வண்டின்னு சொன்னியே, அதிலே உன் அம்மாவை உட்கார வச்சு ஓட்டுவியா?"

பையன் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். முதல் பக்கத்தில் 'எஞ்சின்' என்று கொட்டை எழுத்தில் இருந்ததை அடித்துவிட்டு, 'வில் – ஸ்டீயரிங் – பிரேக்' என்று எழுதினான். எஞ்சின் நாலாவது இடத்துக்குப் போயிற்று.

உங்கள் பிள்ளையும் இப்படி ஏதாவது கிளப்பினால் தடுக்காதீர்கள். ஆச்சியின் கேள்வியை மட்டும் கேட்டு வையுங்கள்.

அக்காளுக்கு இப்போது பயம் தெளிந்துவிட்டது. ஒரே ஒரு குறைதான் பாக்கி: அந்த அம்பாஸிடர் இன்னும் வாசலிலேயே நிற்கிறது, கோலம் போட இடமில்லை!