செக்கில் இருக்கும் வாக்கு

சனிக்கிழமை காலையில் பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயில் பக்கம் கூட்டம் நெரியும். வட திருநள்ளாறு என்று பெயர் பெற்ற தலம். பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் எள் தீபம் ஏற்ற வருவார்கள். பூ விற்கும் அம்மாவின் கூடையில் ஒரு க்யூஆர் அட்டை செருகியிருக்கும். இருபது ரூபாய்க்கு வாங்கி ஸ்கேன் செய்தால், அந்த இருபதும் குறையாமல் அவர் கணக்கில் விழுகிறது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ வரவுக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்று அரசு விதி செய்தது. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சரக்கெடுப்பவருக்கு இது பெரிய காரியம்.

செக் காலத்தில் இப்படிப் பணம் உடனே கைக்கு வருவது நினைத்துப் பார்க்க முடியாதது. செலானை நிரப்பி, செக்கின் பின்பக்கம் கணக்கு எண் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, பாஸ்புக்கில் வரவு ஏறும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. மூணு வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் நடத்துபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய், நாளொன்றுக்கு 100. செக் பாஸாக மூன்று நாள் ஆனால் 300 ரூபாய் போயிற்று. செக் கொடுத்தவர் கணக்கில் அதே மூன்று நாளும் அந்த லட்சம் இருந்தது. ஆக, செக்கின் செலவைச் சுமந்தவர் பெரும்பாலும் வாங்கியவர்தான், அதிலும் சின்னவர்.

இந்தத் தாமதத்தை ரிசர்வ் வங்கி படிப்படியாகக் குறைத்தது. செக்கின் அடியில் காந்த மையில் அச்சிட்ட ஒன்பது இலக்கத்தைப் பாருங்கள்: முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னை என்றால் 600. இயந்திரம் படித்துப் பிரிப்பதற்காக வந்த எண் அது. அப்போதும் தாள்கள் மூட்டையாக வங்கிக்கு வங்கி போய்க்கொண்டுதான் இருந்தன. 2011 செப்டம்பரில் சென்னையில் சி.டி.எஸ். முறை வந்தபின் தாள் போட்ட வங்கியிலேயே தங்கிவிட்டது. அதன் படம் மட்டும் பயணம் செய்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் இன்னும் ஒரு படி. பகலில் வரும் செக்குகளை உடனுக்குடன் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். பணம் தர வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் உண்டு, இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

யுபிஐதான் இருக்கிறதே, செக்கை ஒழித்துவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பம்மல், நாகல்கேணி பக்கத்துச் சிறு பட்டறைகளுக்குக் கூட்டிப் போக எனக்கு ஆசை. ஜாப் ஒர்க் செய்து கொடுத்தவர், சரக்கு எடுக்க வந்தவரிடம், "பதினஞ்சாம் தேதி போட்டு ஒரு செக் குடுத்துடுங்கண்ணே, போதும்" என்பார். யுபிஐயில் அனுப்பினால் அது பணம், அனுப்பாவிட்டால் ஒன்றுமில்லை. பின்தேதி போட்டுத் தரும் செக் பணம் அல்ல, கையெழுத்திட்ட வாக்கு. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது முதல், அந்த வாக்கு தவறுவது குற்றம்; இப்போது அதற்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது தொகையில் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பயமே பல பாக்கிகளை வசூலித்துத் தருகிறது.

மின்னணு வாக்கும் இல்லாமல் இல்லை. மாதத் தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள நாம் தரும் ஒப்புதல் பணமின்றித் திரும்பினால், பணப் பரிமாற்ற முறைகளுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதே தண்டனையைச் சொல்கிறது. ஆனால் அது வங்கிக்கும் கடன் நிறுவனத்துக்கும் கைவந்த வசதி. பட்டறைக்காரர் தன் வாடிக்கையாளரிடம் அப்படி ஓர் ஒப்புதலை வாங்குவது நடக்கிற காரியமா? அவருக்கு எட்டுவது ஒரு செக் தாள்தான். பிரிட்டனில் 2018இல் செக்கை நிறுத்துவதாக 2009இல் முடிவெடுத்தார்கள். முதியவர்களும் தொண்டு அமைப்புகளும் எதிர்த்த பிறகு 2011இல் கைவிட்டார்கள். மாற்று கைக்கு வருமுன் பழையதைப் பிடுங்கினால் அடிபடுவது யார் என்று அங்கே புரிந்துகொண்டார்கள்.

பூக்காரம்மாவின் இலவசமும் உண்மையில் இலவசமல்ல. சர்வருக்கும் மோசடித் தடுப்புக்கும் வங்கிகள் செலவழிக்கின்றன. சிறு வியாபாரிகளுக்கு வரும் 2,000 ரூபாய் வரையிலான வரவுகளுக்கு 0.15 சதவீதம் வங்கிகளுக்கு ஊக்கத்தொகையாகத் தர, 2024-25க்கு மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. இருபது ரூபாய்க்கு மூன்று காசு. அது நம் வரிப்பணம். நல்ல செலவு என்றே சொல்வேன். ஆனால் கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் பெரிய கடைகளும் இதே பாதையில் கட்டணமின்றிப் போவதில் நியாயம் இல்லை. அவர்களிடம் ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். பூக்கூடையிடம் ஒருபோதும் வாங்கக் கூடாது. பட்டறைக்காரர் தன் கைபேசியிலேயே, சட்டம் மதிக்கும் ஒரு தேதியிட்ட வாக்கை வாங்க வழி செய்யட்டும். அன்றைக்குச் செக்கை எடுத்துவிடுங்கள், நானும் ஆட்சேபிக்க மாட்டேன். அதுவரை அந்தத் தாள் புழக்கத்தில் இருக்க வேண்டும்.