பதின்மூன்று வயது நார்த்தங்காய்

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்துவிட்டால், காடாம்புலியூர் வந்துவிட்டதைக் கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். ஆனி, ஆடி மாதமென்றால் ரோட்டோரம் குவித்து வைத்திருக்கும் பலாப்பழ வாசனை. மற்ற நாட்களில் முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை, தொண்டையைக் கமறும். இறங்கி நடந்தால் செம்மண் புழுதி செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். வீட்டுக்கு வீடு திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தோலில் இருக்கிற எண்ணெய் பட்டால் கை புண்ணாகிவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்துத்தான் இருக்கும். ஒரு முந்திரிப் பருப்பைப் பாயசத்தில் போடும்போது நான் அந்த விரல்களை நினைத்துக்கொள்வேன்.

1999-ல் இந்த ஊருக்கு மருமகளாக வந்தேன். இவருக்கு நெய்வேலியில் சுரங்க வேலை என்பதால் குடித்தனம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அரை மணி நேர பஸ் பயணம்தான். ஆனாலும் இரண்டும் இரண்டு உலகம். அங்கே வட்டம் வட்டமாகப் பிரித்து, நேர் நேராக ரோடு போட்டு, எல்லா வீடும் ஒரே மாதிரி. இங்கே அத்தை வீடு, நாட்டு ஓடு போட்டது. பின்னால் கிணறு, இரண்டு பலா, கொஞ்சம் தள்ளி முந்திரிக்காடு. கிணற்றடியில் ஒரு நார்த்தை மரம். அத்தைக்கு அந்த மரத்தின் மேல் பிள்ளைகளைவிடப் பாசம் என்று இவர் கேலி செய்வார்.

அந்த மரத்துக் காயைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. அன்று விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்தத் தேதியை யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். காற்று போட்ட சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ரோடு முழுக்க மரம் விழுந்து கிடந்ததால் மூன்றாம் நாள்தான் ஊருக்குப் போக முடிந்தது. பாதி தூரம் பைக், பாதி தூரம் நடை.

முந்திரிக்காட்டைக் காணோம். காணோம் என்றால் நிஜமாகவே காணோம். வேரோடு சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. தாத்தா காலத்துப் பலா ஒன்று நடுவில் முறிந்திருந்தது. ஊரில் யார் வீட்டிலும் அழுகைச் சத்தம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. முந்திரி புதிதாக வைத்தால் காய்க்க மூன்று நாலு வருஷம். விதை போட்ட பலாவுக்கு ஏழெட்டு வருஷம். எல்லோரும் வாசலில் உட்கார்ந்து அந்தக் கணக்கைத்தான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தை கொல்லைப்பக்கம் இருந்தார்கள். நார்த்தை மரம் கிணற்றுச் சுவர் மேல் சாய்ந்து கிடந்தது. அத்தை முறத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்த காயைப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

“அத்தை, இப்போ போய் இது எதுக்கு?” என்றேன்.

“மரம்தான் போச்சு. காய் என்னா பண்ணுச்சு? உப்பு இருக்குதா பாரு உள்ள.”

பல நாள் கரண்ட் இல்லை. அந்த இருட்டிலும் அத்தை காய் நறுக்கினார்கள். முழுக்காயைத் துண்டாக்காமல், அடியிலிருந்து சுருள் சுருளாக அரிந்து, உள்ளே கல்லுப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் அடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாலு பங்கு காய்க்கு ஒரு பங்கு உப்பு. ஜாடியில் போட்டுத் தினமும் குலுக்கி விட வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டதும் பகலில் காயை மட்டும் எடுத்து வெயிலில் வைத்து, சாயந்திரம் மறுபடி அந்த உப்புத் தண்ணீரிலேயே போட வேண்டும். தண்ணீர் முழுவதும் காய்க்குள் ஏறி வற்றுகிற வரை இப்படியே. தை மாத வெயிலில் பதினைந்து இருபது நாள் பிடித்தது. கடைசியில் ஏழு கண்ணாடி பாட்டில் வந்தது. ஏன் ஒரே ஜாடியில் போடவில்லை என்று கேட்டேன். திறந்து திறந்து மூடினால் காற்றும் ஈரக்கையும் பட்டுப் பூஞ்சை பிடிக்கும், ஒன்று தீர்ந்த பிறகு ஒன்று திறந்தால் மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கும் என்றார்கள்.

முதல் பாட்டிலை அந்த ஆடியில் திறந்தோம். அப்போது காய்க்கு மஞ்சளும் பழுப்புமாக ஒரு நிறம். மூடியைத் திறந்ததுமே தோலின் எண்ணெய் வாசனை பளிச்சென்று வந்தது. வாயில் வைத்தால் முதலில் உப்பு, பிறகு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற கசப்பு. பிள்ளைகள் இரண்டும் துப்பிவிட்டன.

இரண்டாவது 2014-ல், மகனுக்குக் காய்ச்சல் விட்டு வாய்க்கசப்பாக இருந்தபோது. நிறம் புளி போல ஆகியிருந்தது. புளிப்பு முன்னால் வந்து கசப்பு பின்னால் போயிருந்தது. கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டு, “ஆயா, இன்னும் கொஞ்சம்” என்றான். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மூன்றாவதை 2016-ல் திறந்தோம். அத்தை படுக்கையில் விழுந்த வருஷம். எதைக் கொடுத்தாலும் வேண்டாம். கடைசியில், “அந்த நார்த்தங்காயக் கொஞ்சம் கொண்டாடி” என்றார்கள். பாட்டிலுக்குள் கறுகறுவென்று இருந்தது. பேரீச்சம்பழம் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. நெல்லிக்காய் அளவு கிள்ளி ரசஞ்சாதத்தோடு வைத்தேன். அத்தை வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தார்கள். “இப்பத்தான் பதத்துக்கு வந்திருக்குது” என்றார்கள். நானும் ருசி பார்த்தேன். உப்பு எது, புளிப்பு எது, கசப்பு எது என்று தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. கடைசியில் லேசாக இனிப்பு மாதிரிகூட ஒன்று தெரிந்தது. அந்த மாதிரி நார்த்தங்காயை நான் முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. அத்தை அந்த ஐப்பசியில் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு தப்புச் செய்தேன். அத்தை கையால் போட்டது, அந்த மரத்துக் காய், இனிமேல் கிடைக்குமா என்று மிச்சமிருந்ததைப் பொத்திப் பொத்தி வைக்க ஆரம்பித்தேன். பழையது ஆக ஆக நல்லது என்றுதானே நாம் நினைக்கிறோம்? நாலாவது பாட்டிலை 2019-ல் திறந்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அத்தை சாப்பிட்டது போல இல்லை. ஐந்தாவது பாட்டிலின் தகர மூடியை உப்பு அரித்து, துரு உள்ளே இறங்கிவிட்டது. அப்படியே கொட்டினேன். (தகர மூடி போடுகிறவர்கள் இடையில் ஒரு பிளாஸ்டிக் தாளோ துணியோ வைத்து மூடுங்கள். பீங்கான் ஜாடிதான் உத்தமம்.)

இந்தச் சமயத்தில் என் தம்பி 2023 பொங்கலுக்கு வந்தான். கலிபோர்னியாவில் சேக்ரமெண்டோ பக்கம் வேலை. அவனுக்குச் சாதம் போட்டுக்கொண்டே ஆறாவது பாட்டிலைத் திறந்தேன். ஒரு துண்டை வாயில் போட்டவன் சிரித்தான். “அக்கா, திட்டாதே. நானும் அங்கே இதே கூத்துதான் அடிச்சிட்டு இருக்கேன்” என்றான்.

விஷயம் ஒயின். ஆசிரியர் அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் அதை வாயில் வைத்ததுமில்லை, வைக்கப்போவதுமில்லை. ஆனால் அவன் சொன்ன கதை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அவன் ஊருக்குப் பக்கத்தில் லோடை என்று ஓர் ஊராம். நூறு வயது தாண்டிய திராட்சைக் கொடிகள்கூட அங்கே இன்னும் காய்க்கின்றனவாம். ஜின்ஃபாண்டல் என்று ஒரு கறுப்புத் திராட்சை. ரொம்ப நாள் அது அமெரிக்கத் திராட்சை என்றே நினைத்திருந்தார்கள். 2001-ல் மரபணுச் சோதனை செய்து பார்த்தால், குரோஷியா நாட்டுக் கடலோரத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்த ஒரு பழைய கொடிதான் இது என்று தெரிந்ததாம். இப்போது நம் நாட்டில் நாசிக் பக்கம்கூடப் பயிராகிறது.

தம்பி தன் மகள் பிறந்த 2013-ல், 2011-ம் வருஷத்துத் திராட்சையில் செய்த ஜின்ஃபாண்டல் ஒரு பெட்டி வாங்கினானாம். பன்னிரண்டு பாட்டில். பிறந்தநாளுக்கு ஒன்றாகத் திறப்பது என்று கணக்கு. முதல் வருஷம் நாவற்பழச் சாற்றில் மிளகு தட்டிப் போட்டது போல இருந்ததாம், வாயை இறுக்குகிற துவர்ப்போடு. மூன்றாவது, நாலாவது வருஷம் துவர்ப்பு அடங்கி உருண்டு வந்திருக்கிறது. அதுதான் உச்சம் என்கிறான். ஏழாவது வருஷம் பழ வாசனை போய் உலர்ந்த திராட்சை வாசனை. நிறமும் கருஞ்சிவப்பு மாறிச் செங்கல் நிறம். போன பிறந்தநாளுக்குத் திறந்ததில் பழமே இல்லை. புளிப்பு தனியாக, சாராய நெடி தனியாக நின்றதாம். “சிலது முப்பது வருஷம் தாங்கும் அக்கா. இந்தத் திராட்சையில பெரும்பாலும் அப்படிக் கிடையாது. நாலஞ்சு வருஷத்துலயே குடிச்சிருக்கணும். பாப்பா பொறந்த வருஷத்து ஞாபகம்னு வச்சிருந்து வீணாக்கிட்டேன்” என்றான்.

பாட்டில் அடியில் கண்ணாடித்தூள் போலப் படிகம் தங்குமாம். பயந்து கொட்டிவிட வேண்டாம், நம் புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் திராட்சையிலும் இருக்கிறது, அதனுடைய உப்பு அது என்றான். கேக் செய்கிறவர்கள் ‘கிரீம் ஆஃப் டார்ட்டர்’ என்று வாங்குவோமே, அதே சரக்கு. துவர்ப்புப் பொருள் நாளாக ஆக ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, கசடாக இறங்கிவிடுமாம். அதனால்தான் பழசு மென்மையாகிறது. ஆனால் வாசனையும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. துவர்ப்பு போகிற வேகமும் வாசனை போகிற வேகமும் எங்கே சந்திக்கிறதோ, அங்கேதான் பதம்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. எங்கள் நார்த்தங்காயிலும் அதுதானே நடந்திருக்கிறது? தோலின் எண்ணெய்தான் வாசனை. அது வருஷா வருஷம் பறந்துகொண்டே இருக்கிறது. எலுமிச்சை வகைகளில் இருக்கிற வைட்டமின் சி சிதைவதும் காய் கறுப்பதற்கு ஒரு காரணமாம். அதனால் பழைய நார்த்தங்காயில் வைட்டமின் இருக்கிறது என்று நம்பிக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். ருசிக்கும் வாய்க்கசப்புக்கும்தான் அது. அன்று திறந்த ஆறாவது பாட்டிலில் கறுப்பும் உப்பும்தான் இருந்தன. தொட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

மிச்சம் ஒன்று.

இந்த வருஷம், 2025 சித்திரையில், மகள் மசக்கையோடு வந்து சேர்ந்தாள். தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. ஆஸ்பத்திரியில் காட்டினோம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, பிடித்ததைச் சாப்பிடச் சொன்னார்கள். அவளுக்குப் பிடித்தது எது? “ஆயா நார்த்தங்காய் இருக்காம்மா?”

இவருக்கு மனசு வரவில்லை. “அம்மா ஞாபகமா இருக்கிறது அது ஒண்ணுதான். புதுசா கடையில வாங்கிக் குடேன்” என்றார். நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிக் காடாம்புலியூர் போனேன். பூட்டிக் கிடக்கிற வீடு. பரணில் துணி சுற்றி இருந்தது பாட்டில். வெளியே வந்து கொல்லையைப் பார்த்தேன். அன்றைக்குக் காய் நறுக்கும்போது அத்தை விதைகளை எடுத்துக் கிணற்றடியில் ஊன்றி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று பிழைத்து இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. போன வருஷம்தான் முதல் காய் விட்டது. அதைப் பறித்து நானே உப்புப் போட்டேன், இரண்டே பாட்டில். அதில் ஒன்றையும் கையோடு எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அண்ணி ஒரு பை மல்லாட்டை கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசிப் பாட்டிலைத் திறந்தோம். நான் பயந்ததுபோலவே வாசனை இல்லை. சுருள் இறுகிப் போய், கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான் அதைக் கொஞ்சம் வெந்நீரில் போட்டு மேலுப்பைக் கழுவிவிட்டு, மகள் தட்டில் மோர்ச்சாதத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல்நுனி அளவு வைத்தேன். பக்கத்தில் புதுசிலிருந்தும் ஒரு கீற்று. (பிரஷர் இருக்கிறவர்களும், கால் வீங்குகிற கர்ப்பிணிகளும் உப்பில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.)

அவள் பழையதைச் சாப்பிட்டாள். புதுசையும் கடித்து முகத்தைச் சுளித்தாள். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டாள். சாதம் முழுவதும் இறங்கியது. வாந்தி இல்லை.

“ஒண்ணுல மணம் இருக்கு, ஒண்ணுல மெதுவு இருக்கு” என்றாள்.

இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் ஒரு துண்டு போடு” என்று தட்டை நீட்டினார். பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது. வளைகாப்பு வரை வரும். புதுசில் மிச்சமிருக்கிற முழு பாட்டிலின் மேல் தாள் ஒட்டி, ‘2024’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘2028-ல் திறக்கவும்’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். மூடிக்கு அடியில் மறக்காமல் துணி வைத்தாயிற்று.